இடமிருந்து மூன்றாவது

வெள்ளிக்கிழமைக்குள் அறுநூறு சொல் வேண்டுமாம்.
ஆல்டன் ஃபிரிஸ்க்கின் நாவல்களிலிருந்து
அந்தக் காலத்தில் எடுத்த நான்கு பேய்ப்படங்கள்,
ஹாலோவீன் வாரம் முழுக்க, ஹான்காக் ஓரியன் தியேட்டரில்.
டிக்கெட் ஐந்து டாலர், சோளப்பொரி தனி.
நட்சத்திரம் போட மறந்துடாதீங்க வெர்னா, என்கிறான் ஆசிரியன்.
இவை முதலில் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை.
அப்போதும் நட்சத்திரம் போட்டவள் நான்தான்.

'உப்புக் கதவு'.
நாவலில் அந்தக் கதவு முந்நூறு பக்கம் திறப்பதில்லை.
படத்தில் பதினோராவது நிமிடமே திறந்துவிடுகிறது.
உள்ளே ஒரு ரப்பர் கை.
விரலிடுக்கில் பசை காய்ந்திருப்பது வரை தெரிகிறது.
முகம் கொடுத்த அன்றே பயத்துக்கு வயதாகத் தொடங்கிவிடும்
என்று எழுதி, அடித்துவிட்டேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.
பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். நானும்தான்.
இரண்டு. இசைக்காக அரை கூட.

'பனிக்கடியில் மணி' வேறு ரகம்.
ஃபிரிஸ்க்கின் எழுத்து விமான நிலையக் காப்பி:
சூடு உண்டு, ருசி கேட்கக் கூடாது,
ஆனாலும் கோப்பை காலியாகிவிடும்.
இயக்குநர் கதையில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு
ஒரு தாய் ஒற்றைக் கையுறையின் ஜோடியைத் தேடுவதை
ஆறு நிமிடம் காட்டுகிறார். பேச்சே இல்லை.
ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் கோட்டை மாட்டிக்கொண்டேன்.
நான்கு.

மூன்றாவது, 'ஒன்பதாம் படகு'.
எண்பத்து மூன்றில் இங்கேதான் எடுத்தார்கள்,
சுப்பீரியர் ஏரிக்கரையில்.
செப்புச் சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்த வருடம்.
வேலை போனவர்களைக் கரையொதுங்கிய பிணங்களாகப் படுக்கவைத்தார்கள்.
நாளுக்கு இருபது டாலர், மதியம் சூப்.
ரெய்னோவும் போனான்.
நீலச் சாயம் பூசிய முகத்தோடு சாப்பிட வந்து உட்கார்ந்து
"இன்னிக்கு நல்லாச் செத்தேன்" என்றான்.

அப்போது நான் எழுதியது கோப்பில் இருக்கிறது, பழுப்பேறி:
'இடமிருந்து மூன்றாவது பிணம் மூச்சுவிடுகிறது.
மன்னிக்க முடியாத கவனக்குறைவு. ஒரு நட்சத்திரம்.'
யாரென்று தெரிந்தேதான் எழுதினேன்.
புருஷனுக்குச் சலுகை காட்டினாள் என்று
யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.
அவன் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினான்.
சௌனாவில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டான்.

வீடியோ கேமரா வாங்க நினைத்தோம். கூரை முந்திக்கொண்டது.
பின்னால் அந்த நெஞ்சை
ஒரே ஒருமுறைதான் வெளிச்சத்தில் பார்த்தேன்,
மார்க்வெட் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரேயாக.

செவ்வாய் இரவு, ஏழாவது வரிசை.
மணலில் ஐந்து பேர். ஏரி சாம்பல் நிறம்.
கதாநாயகி அலறிக்கொண்டு ஓடிவருகிறாள்,
எல்லோர் கண்ணும் அவள்மேல்.
இடமிருந்து மூன்றாவது கோட்டுப் பொத்தான்
மெல்ல எழும்பி
இறங்குகிறது.
இன்னொரு தடவை
எழும்பும்போதே வெட்டிவிடுகிறார்கள்.

"டேய், செத்தவன் மூச்சுவிடறான்!"
பின்வரிசையில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான்.
விமர்சகன் ஆக வேண்டிய பையன்.

நான்காவது படத்துக்கு இடம் போதவில்லை.
எரிந்த வீடு, எரியாத பொம்மை. இரண்டு.

ஆசிரியன் கூப்பிட்டான்: மூணாவதுக்கு நட்சத்திரம் விட்டுப்போச்சு.
படம் மோசம்தான் என்றேன். படகு அட்டையில் செய்தது,
கதையில் லாரியே நுழையும்படி ஓட்டை.
ஒன்றே போடு.
ஆனால் இரண்டாம் பக்கத்தில்
பெயர்ப் பிழைகளுக்கு ஒரு பெட்டி போடுவீர்களே,
அதில் இப்படிச் சேர்த்துவிடு:
'ஒரு பிணம் மூச்சுவிட்டதை இப்பத்திரிகை முன்பு
குறையாகச் சுட்டியிருந்தது. வருந்துகிறோம்.'

சனிக்கிழமை மறுகாட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.
ஒரு மணி நாலாவது நிமிடத்தில்
சோளப்பொரியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று
பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தாலும்
முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.